தஞ்சையும் எண்ணாயிரமும்: நெல்லளவுகளால் அறியப்படும் வாழ்க்கைச் செலவு

சோழர் ஆட்சிக்காலம் தமிழகத்தின் பொற்காலம் எனக் கூறுதல் பெருவழக்கு. அக்கூற்றிற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவன தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளிற் காணப்படும் நெல்லளவுகளாகும். தளிச்சேரிப் பெண்டு ஒருத்திக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இவற்றைக் கண்ட அளவிலேயே அக்கால மக்கள் வளமுற வாழ்ந்தனர் என முடிவு கூறிவிடுகின்றோம். ஆயின், ஒருவர் உண்டு உடுத்து வாழ்வதற்கு அக்காலத்தில் எவ்வளவு நெல் வேண்டியிருந்தது என்பதை அறிந்தாலன்றி, 100 கலம் என்பது மிகுதியா, குறைவா, போதியதா என்பது விளங்காது.

சோழர் காலத்து விலைகளையும் கூலிகளையும் பற்றி நீலகண்ட சாத்திரியார் 1935-லும் 1937-லும் வெளியிட்ட தம் சோழர் வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். அவர்க்குப் பின்வந்தோரும் அவ்வெண்களை எடுத்தாண்டுள்ளனர். எனினும், ஓர் ஊரின் எண்ணை மற்றோர் ஊரின் எண்ணோடு வைத்து, இரண்டும் ஒரே அளவினவா என ஆராய்ந்து, வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் முயற்சி நம்மிடையே அரிதாகவே உள்ளது. இக்கட்டுரையில் தஞ்சையையும் எண்ணாயிரத்தையும் அவ்வாறு ஒப்பிட முயல்கின்றோம். முன்னது முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தலைநகர். பின்னது அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில் பெருங்கல்லூரி ஒன்று விளங்கிய ஊர். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இரண்டு ஊர்க் கல்வெட்டுகளுக்கும் இடையே உள்ள காலவேறுபாடு ஒரு தலைமுறைக்கு மேற்பட்டதன்று. ஆதலின் ஒப்பீடு பொருத்தமுடையதாகும்.

1. அளவைகள்

கல்வெட்டுகளில் ஆளப்படும் முகத்தலளவை வாய்பாட்டை முதற்கண் நினைவிற்கொள்ளல் வேண்டும். 4 உழக்கு ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 4 குறுணி ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். எனவே ஒரு கலம் என்பது 12 குறுணி, அதாவது 96 நாழி ஆகும். குறுணியும் மரக்காலும் ஒன்றே. ஆண்டுக் கணக்கை நாட்கணக்காக மாற்றுமிடத்து ஆண்டொன்றுக்கு 360 நாள் எனக் கொள்கின்றோம்.

நெல்லை அரிசியாக மாற்றுதற்குக் கோயில்கள் கொண்டிருந்த விகிதம் ஐந்திரண்டு எனப்படும். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அதன் பொருள். குற்றுக்கூலியும் குற்றும்பொழுது நேரும் இழப்பும் இவ்விகிதத்தில் அடங்கியிருத்தல் கூடும்.

இவ்வாய்பாடு எங்கும் ஒன்றாயினும் மரக்கால் எங்கும் ஒன்றாக இருந்திலது என்பது நாம் மறத்தற்குரியதன்று. தஞ்சைக் கோயிலில் நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்பது பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது எனக் கல்வெட்டே கூறுகின்றது. இறைவன் பெயரால் அமைந்த மரக்காலை அரசன் பெயரால் அமைந்த மரக்காலோடு ஒப்பக் காட்டிப் பொறித்தமையின், ஒவ்வாத மரக்கால்களும் நாட்டில் வழங்கின என்பது பெறப்படும். அருமொழிதேவன் முதலிய பிற பெயருடைய மரக்கால்களையும் சோழர் கல்வெட்டுகளிற் காண்கின்றோம்.

திருவிளக்கு அறங்களும் இவ்வாறே எண்ணால் வேறுபடுகின்றன. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 ஆடு அளிப்பது பல ஊர்களில் வழக்கம். தஞ்சையிலோ விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என வகுக்கப்பட்டது. விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் ஆடவல்லான் அளவால் அளக்கப்பட்டது. ஆடுகளின் தொகை வேறுபடுதற்கு உழக்கின் பருமை வேறுபட்டமையும் ஒரு காரணமாகலாம். எண் மிகுந்த இடத்தில் விலை மிகுந்தது என்று விரைந்து முடிவு செய்தல் ஏற்றதன்று என்பதற்கு இதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வோம்.

2. தஞ்சை

இராசராசன் காலத்துத் தஞ்சை, உள்ளாலை எனவும் புறம்படி எனவும் இரு பகுதியாகக் குறிக்கப்பெற்றது. உள்ளாலை நகரின் அகம்; புறம்படி இன்று நாம் புறநகர் என்பதற்கு நேரான பழஞ்சொல். காந்தர்வத் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு, வீரசிகாமணிப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி முதலிய பெயர்கள் கல்வெட்டுகளில் வருகின்றன. யானைப்பாகரும் வில்வீரரும் சமையல் செய்வாரும் நெசவாளரும் வணிகரும் கூடி வாழ்ந்த பேரூர் அது என்பதை இப்பெயர்களே உணர்த்தும். இத்துணைப் பேரும் விளைநிலத்தில் உழைப்பவர் அல்லர். நெல்லை வாங்கி உண்டவர். ஆதலின் வாழ்க்கைச் செலவு என்னும் வினா தஞ்சைக்கு மிகவும் உரியது.

தஞ்சையில் நெல்லின் விலை யாது? இதனைக் கோயிற் பணத்திற்குக் கொண்ட பொலிசையிலிருந்து உய்த்துணரலாம். பொலிசை என்பது வட்டி. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு பொலிசை எனச் சில கல்வெட்டுகள் கூறும். காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல் பொலிசை எனச் சில கூறும். இரண்டும் ஒரே கோயிலில் ஒரே காலத்தில் வழங்கிய வீதங்களாகலின் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். அரைக்காற் காசு முக்குறுணி நெல்லுக்குச் சமமாயின், ஒரு காசு 24 குறுணிக்கு, அதாவது இரண்டு கலத்திற்குச் சமமாகும். இம்மதிப்பைக் கொண்டால் 100 கலம் பெற்றவர் 50 காசு பெற்றவர் ஆவர்.

இனிக் கோயிற் பணியாளர் பெற்ற நெல்லைக் காண்போம். இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டோடு தொடர்புடைய கல்வெட்டு ஒன்று, பல தளிகளிலிருந்து கொணர்ந்து தஞ்சைத் தளிச்சேரிகளில் குடியேற்றப்பெற்ற 400 பெண்டுகளை வீடுவீடாகக் குறிக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உரியன. ஒரு பங்காவது, ஒரு வேலி நிலத்தினின்று ஆடவல்லான் மரக்காலால் அளக்கக்கடவ 100 கலம் நெல். இதனை நாட்கணக்கில் வகுத்தால் ஏறத்தாழ 26⅔ நாழி, அதாவது முக்குறுணியும் 2⅔ நாழியும் ஆகும். நட்டுவம் செய்வார் இரண்டு பங்கு பெற்றனர். குடை பிடிப்பார் முதலிய சிலர்க்கு அரைப்பங்கே கிடைத்தது. அது நாளொன்றுக்கு 13⅓ நாழி ஆகும்.

திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேர் அமர்த்தப்பெற்றனர். இவர்கட்கு நிசதம் முக்குறுணி நெல். அதாவது 24 நாழி. ஆண்டுக்கு 90 கலம். தளிச்சேரிப் பெண்டுகளின் பங்கிற்கு இது சற்றே குறைந்தது. இவ்விரு எண்களும் தம்முள் நெருங்கியிருத்தல் கருதத்தக்கது. கலையறிந்த ஒருவர் தம் குடும்பத்தோடு தஞ்சையில் வாழ்தற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்குறுணி நெல் தக்கது என அக்கோயில் கருதியது போலும்.

3. எண்ணாயிரம்

இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர்பெற்றிருந்த எண்ணாயிரத்தில், இராசேந்திரன் காலக் கல்வெட்டு 340 மாணவரையும் 14 ஆசிரியரையும் குறிக்கின்றது. மாணவருள் வேதமும் தொடக்க இலக்கணமும் பயின்ற 270 பேர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றை மேற்படிப்பாகப் பயின்ற 70 பேர்க்குக் குறுணி இருநாழி, அதாவது பத்து நாழி நெல். வியாகரணம் உரைத்த ஆசிரியர்க்கு நாளொன்றுக்கு ஒரு கலம். வேதாந்த ஆசிரியர்க்குக் கலமும் தூணியும். நெல்லோடு பொன்னும் வழங்கப்பட்டது.

வாழ்க்கைச் செலவை ஆராய்வார்க்கு இக்கல்வெட்டு தரும் பெருந்துணை ஆறு நாழி என்னும் எண்ணேயாகும். தஞ்சைக் கல்வெட்டுகள் பணிக்குரிய ஊதியத்தைக் கூறுவன. அவ்வூதியத்தில் தகுதியும் குடும்பமும் கலந்துள்ளன. எண்ணாயிரத்து இளமாணவன் பெற்றதோ ஊதியம் அன்று. அது தனியொருவனின் ஊட்டத்திற்கென ஒதுக்கியது. ஐந்திரண்டு விகிதப்படி ஆறு நாழி நெல் 2⅖ நாழி அரிசி ஆகும். அரிசியோடு பருப்பு, நெய், மோர், உப்பு, விறகு ஆகியவற்றின் செலவும் இதனுள் அடங்கியதெனக் கொள்ளலாம்.

இதனைச் சரிபார்க்க மூன்றாவது சான்று ஒன்று உளது. வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, வீரசோழன் என்னும் ஆதுலசாலையில் 15 நோயாளிகள் கிடக்க இடமிருந்தமையைக் கூறி, ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என வகுக்கின்றது. அது 2½ நாழி நெல்லாகும். நோயுற்றோர் உணவு குறைந்தது. அரிசியொழிந்த பிறவும் அதில் சேர்ந்தில. எனவே இரண்டரை நாழியைக் கீழெல்லையாகவும், ஆறு நாழியை ஒருவர் நன்கு உண்டு வாழ்தற்குரிய அளவாகவும் கொள்ளுதல் பொருந்தும்.

4. ஒப்பீடு

ஆறு நாழி நெல்லை ‘ஓராள் ஊட்டு’ என நாம் பெயரிட்டுக்கொள்வோம். அவ்வளவால் இரண்டு ஊர் எண்களையும் அளந்தால் கிடைப்பன வருமாறு:

தஞ்சைத் தளிச்சேரிப் பெண்டு: ஏறத்தாழ 4½ ஊட்டு.
தஞ்சைத் திருப்பதியம் பாடுவார்: 4 ஊட்டு.
தஞ்சையில் அரைப்பங்கு பெற்ற பணியாளர்: 2¼ ஊட்டிற்குச் சற்றுக் குறைவு.
எண்ணாயிரத்து மேல்வகுப்பு மாணவர்: 1⅔ ஊட்டு.
எண்ணாயிரத்து வியாகரண ஆசிரியர்: 16 ஊட்டு.
எண்ணாயிரத்து வேதாந்த ஆசிரியர்: 21⅓ ஊட்டு.

இப்பட்டியலை மேலோட்டமாக நோக்குவார் ஆசிரியர் பெற்ற நெல்லைக் கண்டு எண்ணாயிரத்தில் வாழ்க்கைச் செலவு மிகுதி எனக் கூறக்கூடும். மாணவர் பெற்றதைக் காண்பாரோ அவ்வூரில் செலவு குறைவு எனக் கூறுவர். இரண்டும் பிழையே. ஒரே ஊரில், ஒரே மரக்காலில், ஒரே ஆண்டில் ஒருவர்க்கு ஆறு நாழியும் மற்றொருவர்க்கு 128 நாழியும் அளக்கப்பட்டன. ஊருக்கும் ஊருக்கும் இடையே நாம் காணும் வேறுபாட்டினும் ஓர் ஊரினுள் ஆளுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள வேறுபாடு பன்மடங்கு பெரிது. ஆகவே ‘தஞ்சையின் வாழ்க்கைச் செலவு’, ‘எண்ணாயிரத்தின் வாழ்க்கைச் செலவு’ என ஒருமையாற் கூறுதலே ஆராய்ச்சிக்கு ஒவ்வாதது. எவருடைய வாழ்க்கை என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். இக்காலத்து இந்திய அரசும் தொழிலாளர்க்கு ஒன்றும், வேளாண் தொழிலாளர்க்கு ஒன்றுமாக விலைக் குறியீட்டெண்களைத் தனித்தனியே கணித்து வருதல் இக்காரணம் பற்றியே.

திருமுக்கூடலும் இதனையே வலியுறுத்தும். அங்கே மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அந்நெல் தஞ்சைப் பாடகர் பெற்ற அளவினதே. சல்லியக்கிரியை செய்வார்க்கு 30 கலம். நாவிதர்க்கு 15 கலம். பதினைந்து கலத்தை நாட்கணக்கில் வகுத்தால் நான்கு நாழி. ஓராள் ஊட்டிற்கும் குறைவு. நாவிதர் ஒருவர் தம் மனைவி மக்களோடு அதனைக் கொண்டு வாழ்ந்திருத்தல் இயலாது. அவர்க்கு ஊரில் வேறு வருவாய் இருந்திருத்தல் வேண்டும். எனவே கல்வெட்டில் ஒருவர் பெயர்க்கு நேரே காணும் நெல்லை அவருடைய முழு வருவாயாகக் கொள்ளுதலும் பிழைக்கு இடமாகும்.

மற்றொரு வேறுபாடும் எண்ணத்தக்கது. தஞ்சைக் கோயிற் கணக்கில் வேலி ஒன்றுக்கு 100 கலம். எண்ணாயிரத்தில் கல்வி அறத்திற்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. மாணவர் 340 பேர்க்கும் நாளொன்றுக்கு வேண்டிய நெல்லைக் கூட்டினால் 24 கலமும் இரு குறுணியும் ஆகும். ஆண்டுக்கு 8,700 கலம். ஆசிரியர்க்குரியதை விடுத்தே வேலிக்கு 193 கலத்திற்கு மேல் வருதல் வேண்டும். எண்ணாயிரத்து நிலம் காவிரிப் பாய்ச்சலுடைய தஞ்சை நிலத்தினும் இருமடங்கு விளைந்தது எனக் கூற எவரும் துணியார். தஞ்சையின் 100 கலம் விளைவில் கோயிலுக்குரிய கூறு மட்டுமே ஆதலாலோ, எண்ணாயிரத்து நிலவருவாயில் அரசிறையும் உடையவர் பங்கும் ஒருங்கு சேர்ந்தமையாலோ, மரக்கால் சிறிதாயிருந்தமையாலோ இவ்வேறுபாடு நேர்ந்திருக்கலாம். மரக்கால் பத்தில் ஒரு பங்கு சிறிதாயின் ஆறு நாழி என்பது உண்மையில் 5⅖ நாழியே ஆகிவிடும். நாம் மேலே கண்ட ஊட்டுக் கணக்கும் அதற்கேற்ப மாறும். ஆதலின் நாம் கூறிய எண்களைத் துல்லியமாகக் கொள்ளாது, ஒன்றன் அருகே ஒன்றை வைத்து நோக்குதற்குரிய அளவுகளாக மட்டும் கொள்க.

5. அளக்கப்படாதோர்

ஈண்டு ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. தளிச்சேரிப் பெண்டு ஒருத்தியின் பங்கிற்கு ஒரு வேலி நிலம் என்றால், அவ்வேலியை உழுது, நட்டு, களைபறித்து, அறுத்தவர் பெற்றது எவ்வளவு? தஞ்சைக் கல்வெட்டுகள் பங்கு பெற்றோரைத் தெருவும் சிறகும் வீடும் பெயரும் கூறித் தனித்தனியே பொறித்துள்ளன. உழைத்தோரைப் பற்றி அவை இவ்வாறு பேசவில்லை. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்பொழுது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் இறையிறாத நிலங்களாகக் கழிக்கப்படுகின்றன. அவ்வளவே. அச்சேரிகளில் வாழ்ந்தோர் கழிக்கப்பட்ட நிலத்தின் பெயராக மட்டும் கல்லில் இடம்பெற்றுள்ளனர். அவர்க்கு அளந்த கூலி இடம்பெறவில்லை. ஆகவே, கோயிற் பணியாளரின் நான்கு ஊட்டைக் காட்டிச் சோழநாட்டு மக்கள் யாவரும் அவ்வாறு வாழ்ந்தனர் என உரைக்க நமக்கு உரிமையில்லை.

நெல்லாற் கூலி பெறுவோர்க்கு ஒரு நலம் உண்டு. விலை ஏறினும் இறங்கினும் அவர்தம் உணவு குறைவதில்லை. காசாற் பெறுவோர்க்கு இக்காவல் இல்லை. ஆயின் அந்நலம் மரக்கால் மாறாதிருக்கும் வரையே நிலைக்கும். அளப்பவர் கையில் மரக்கால் இருப்பின், எண்ணை மாற்றாமலே கூலியைக் குறைக்கலாம். இது பழங்கதை அன்று. காவிரிப் பாசனப் பகுதியில் பண்ணையாட்கள் இருபதாம் நூற்றாண்டிலும் நெல்லாகவே கூலி பெற்றனர். முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கவேண்டும் என்பது 1940-களில் தஞ்சை மாவட்ட உழவுத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று. 1952-இல் இயற்றப்பெற்ற தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்தம் கூலிக்கு வரையறை செய்தது. எனினும் நெற்கூலி பற்றிய பூசல் தீர்ந்திலது. 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அக்கொடுமைக்கு முன்நின்ற பூசலின் உள்ளீடு, அறுவடைக் கூலியாக இன்னும் சிறிது நெல் வேண்டும் என்பதே. அதன் பின்னரே 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

இராசராசன் தன் கோயிலுக்கு அளக்கும் மரக்காலுக்கு இறைவன் பெயரிட்டு, அதனை இராசகேசரியோடு ஒப்ப நிறுத்தி, கல்லிலும் வெட்டுவித்தான். பெறுபவர்க்கு அளவு குறையாதிருத்தல் வேண்டும் என்னும் கருத்து அதில் உண்டு. அக்காவல் பங்கு பெற்றோர் அளவில் நின்றது. களத்துமேட்டில் நின்றோர் அக்காவலைக் கேட்க ஏறத்தாழ 930 ஆண்டுகள் ஆயின.

6. முடிவு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் அறியப்படுவன: ஒன்று, எண்ணாயிரத்து இளமாணவர்க்கு வகுத்த ஆறு நாழியை அளவுகோலாகக் கொண்டால் தஞ்சைக் கோயிற் கலைஞர் நால்வரை ஊட்டி வாழத்தக்க நிலையில் இருந்தனர். இரண்டு, இரண்டு ஊர்களுக்கும் இடையே வாழ்க்கைச் செலவு பெரிதும் வேறுபட்டது எனக் கொள்ளச் சான்றில்லை. பெரிதும் வேறுபட்டவை ஓரூரினுள் வாழ்ந்தோரின் நிலைகளே. மூன்று, அளந்த மரக்கால் எது, அளக்கப்பெற்றவர் எவர், விடுபட்டவர் எவர் என்னும் மூன்றையும் வினவாமல் நெல்லெண்களை ஒப்பிடுதல் பயன்தராது.

விலையேற்றத்திற்கு ஈடாக அரசு அலுவலர் பெறும் தொகையை இன்று அகவிலைப்படி என வழங்குகின்றோம். படி என்பது அளக்கும் கருவி. பின் அளந்து தரும் பொருளைக் குறித்தது. இன்று பணத்தைக் குறிக்கின்றது. சொல் மாறியும் அளவையின் நினைவு அதனுள் நிற்கின்றது. சோழர் கல்வெட்டுகளை மேலும் ஆராயப்புகும் மாணவர்கள், ஊர்தோறும் வழங்கிய மரக்கால்களின் பெயரையும் அவை தம்முள் ஒத்த விகிதத்தையும் தொகுத்து முறைப்படுத்துவாராயின், இங்கே நாம் தோராயமாகக் கூறியவை உறுதிபெறவும் திருத்தம் பெறவும் வழி பிறக்கும்.